காற்றுக்கு முதுகைக் காட்டி

இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண் சிரிக்கிற நாளெல்லாம் எனக்கு இருப்புக்கொள்ளாது. அவளுக்குப் பின்னால் உள்ள வரைபடத்தில், ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடலுக்கு மேல் ஒரு பெரிய வட்டம் கிடக்கும். அதைச் சுற்றி அம்புக்குறிகள், மணிக்கூட்டு முள் போகும் திசைக்கு எதிராக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் அந்த வட்டத்தைக் கையால் தடவிக் காட்டி, "அழகான ஹை ஒன்று வருகிறது, வாரக் கடைசி முழுக்க நல்ல வெயில்" என்பாள். நான் எழும்பிப் போய் ஜன்னல் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பத்து வருடமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

கிழக்குப் பார்த்த கடற்கரை ஊரான சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்தவனுக்கு, அந்தத் திசையில் சுற்றும் வட்டம் என்றால் ஒன்றுதான். வருடக் கடைசி மாதங்களில் வங்காள விரிகுடாவில் அப்படியொரு சுழி தெரிந்தால், கடற்கரை வீதியில் ஆட்கள் போட்டுகளை மேலே இழுத்துக் கட்டுவார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், உம்மா அரிசியையும் அடையாள அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கதவடியில் வைப்பா. அந்தப் பயத்தோடுதான் நான் இங்கே வந்து இறங்கினேன். முதல் வருடம் அந்த வட்டத்தைப் பார்த்ததும் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தேன், கொடியில் காய்ந்த உடுப்பை அள்ளினேன், குப்பைத் தொட்டியைக் கயிற்றால் வேலியோடு கட்டினேன். போதாததற்கு அடுத்த வீட்டு மார்கரெட்டிடமும் போய், "நாளைக்கு ஆபத்து, வெளியே போகாதீர்கள்" என்றேன். அவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு சன்ஸ்கிரீம் குழாயைக் கொண்டுவந்து கையில் தந்தார். நான் வெயிலுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்! மறுநாள் ஒரு இலைகூட அசையவில்லை. வானம் அப்படியொரு நீலம்.

அந்த நீலத்தையும் நான் நம்புவதில்லை. வாப்பாவைக் கடல் கொண்டுபோனதும் மேகமே இல்லாத ஒரு காலையில்தான். அது சுனாமி, காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சுக்குப் புரிய வேண்டுமே.

இந்த வட்டங்களின் கணக்கை எனக்கு விளங்கப்படுத்தியவன் பீட்டர். நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரன். முன்பு டூனாப் படகில் போனவன், இடுப்பு பிடித்துக்கொண்டதால் கரைக்கு வந்தவன். மீன் பெட்டியின் மட்டை மூடியில் மார்க்கர் பேனையால் வரைந்து காட்டினான். கடல் நன்றாகச் சூடேறினால் அதன் மேலுள்ள ஈரக் காற்று மேலே எழும்பும். எழும்பிக் குளிர்ந்து மேகமாகும்போது, ஈரத்துக்குள் இருந்த சூடு வெளியே வரும். அந்தச் சூடு இன்னும் காற்றை மேலே இழுக்கும். கீழே அமுக்கம் குறைய, நாலா பக்கமிருந்தும் காற்று உள்ளே ஓடி வரும். ஆனால் நேராக வர முடியாது. பூமி சுற்றுகிறதே, அது காற்றைத் திருப்பிவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே வலப்பக்கம் திருப்பும், தெற்கே இடப்பக்கம் திருப்பும். அதனால் எங்கள் தாழமுக்கம் மணிக்கூட்டுக்கு எதிராகச் சுற்றும், இவர்களுடையது மணிக்கூட்டோடு சுற்றும். உயரமுக்கம், அதாவது இவர்கள் கொண்டாடும் ஹை, இதற்கு நேர் மாறு. அதில் காற்று மேலிருந்து இறங்கி, காய்ந்து, வெளியே விரியும். மேகம் கலையும், காற்று சோம்பிக் கிடக்கும். அது சுற்றும் திசையும் மாறு. ஆகவே இங்கே நல்லது சுற்றுகிற பக்கம்தான் ஊரில் கெட்டது சுற்றும். நான் முதல் வருடம் வாளி நிரப்பிய கூத்துக்குக் காரணம் இதுதான்.

ரேகையிலேயே அந்தத் திருப்பு விசை இல்லை, ஆகவே அங்கே சூறாவளி பிறப்பதும் இல்லை, ஒன்றும் அதைக் கடந்து இந்தப் பக்கம் வருவதும் இல்லை என்றான் பீட்டர். கடந்து வந்தவன் நான்தான்.

அன்று அவன் இன்னொன்றும் சொல்லித் தந்தான். கருவி ஒன்றும் இல்லாத காலத்திலேயே கடலோடிகள் வைத்திருந்த விதி. "காற்றுக்கு முதுகைக் காட்டி நில், மேட். வலக்கையை நீட்டு. தாழமுக்கம் அந்தப் பக்கம்." எனக்கு அது நிரம்பப் பிடித்துப்போனது. அதன்பிறகு தொழிற்சாலை வாகனத் தரிப்பிடத்தில் காற்றடிக்கிற நாளெல்லாம் முதுகைக் காட்டி, வலக்கையை நீட்டி, பிறகு போனில் வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கொஞ்சம் திமிரும் ஏறிவிட்டது.

ஊரிலும் அந்தத் திமிருக்குத் தீனி போட்டார்கள். சூறாவளி வருகுது என்றால் என் தம்பி நிஸார் முதலில் அவன் காக்காவான, அதாவது அண்ணனான, எனக்குத்தான் போன் எடுப்பான். அவன் ஃபைபர் போட் ஒன்று வைத்து மீன்பிடிக்கிறவன். மின்சாரம் போய்விடும், இணையம் போய்விடும், நான் வெளிநாட்டில் வரைபடத்தோடு இருக்கிறேன். "காக்கா என்ன சொல்றார்?" என்று கடற்கரையில் நாலு பேர் அவனைச் சுற்றி நின்று கேட்பார்களாம். வெளிநாட்டில் கிடக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். தூரத்தில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டார் நினைக்கிறார்கள், நாமும் அப்படியே இருந்துவிடுகிறோம்.

போன மழைக் காலத்தில் அப்படி ஒன்று வந்தது. உம்மாவும் நிஸார் குடும்பமும் பாடசாலை மாடியில் தங்கியிருந்தார்கள். எனக்குப் பகல் சாப்பாட்டு இடைவேளை, ஊரில் காலை. போன் அடித்தது.

"காக்கா, காத்து கொஞ்சம் அடங்கி இரிக்கி. நானும் அன்வரும் போய்ப் போட்டை இன்னும் மேல இழுத்துப் போட்டுட்டு வரட்டா? எஞ்சினும் அதிலதான் கிடக்கு."

அன்வர் அவனோடு கடலுக்குப் போகும் கூட்டாளி. நான் வரைபடத்தைத் திறந்தேன். அது சில மணித்தியாலத்துக்கு முந்தியது. சுழியின் நடு சரியாக எங்கள் கரையை ஒட்டி நின்றது. கரையேறிவிட்டதா, இன்னும் கடலில் நிற்கிறதா என்று தெரியவில்லை. இடைவேளை முடிய ஐந்து நிமிடம்.

"வெளிய வந்து நில்லு. காத்துக்கு முதுகைக் காட்டு" என்றேன்.

"நிக்கிறன். வாடைக் காத்துதான்."

"வலக்கையை நீட்டு. அது என்ன பக்கம்?"

"கிப்லாப் பக்கம்."

எங்கள் ஊரில் மேற்கு என்று சொல்பவர்கள் குறைவு. தொழுகைக்கு முகம் வைக்கும் பக்கம் கிப்லா, அங்கே வயல். அப்படித் தொழ நின்றால் முதுகுக்குப் பின்னால் கடல். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! அது கரையேறி வயல் பக்கம் போயிட்டு. இனிக் குறையும். போய்ட்டுக் கெதியா வா."

"ஓம் காக்கா" என்றான். வைத்துவிட்டான்.

கையுறையை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தேன். சந்தோஷம் தாங்காமல், வலக்கையை நீட்டிக் காட்டிப் பீட்டரிடம் சொன்னேன். எங்கள் ஊரில் சூறாவளி, தம்பிக்கு உன் விதியைச் சொன்னேன், அது தரைக்குப் போய்விட்டது என்று. பீட்டர் கத்தியை வைத்தான். "உன் ஊர் ரேகைக்கு மேலேயா, கீழேயா?" என்றான். சும்மா ஊர் விசாரிக்கிறான் என்று நினைத்து, "மேலே, இந்தியாவுக்குப் பக்கம்" என்றேன் பெருமையாக. அவன் என் வலக்கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். இடக்கையைத் தூக்கிப் பிடித்தான்.

"அங்கே இந்தக் கை, மேட்" என்றான்.

யா அல்லாஹ்! வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்றுக்கு முதுகைக் காட்டினால் இடக்கைப் பக்கம் கடல். அது இன்னும் கடலில் நிற்கிறது. வந்துகொண்டிருக்கிறது. காற்று அடங்கியது சுழியைச் சுற்றி வரும் இரண்டு மழைப் பட்டைகளுக்கு நடுவில் வரும் சின்ன ஓய்வு, அவ்வளவுதான். ரேகைக்கு வடக்கே திசை மாறும் என்று பீட்டர் மட்டையில் வரைந்து காட்டியிருந்தான். எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என் தம்பியைக் கடற்கரைக்கு அனுப்பியிருக்கிறேன்.

போன் வைத்திருந்த அலுமாரிக்கு ஓடினேன். எடுத்தால், அழைக்கும் இலக்கம் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. திரும்ப எடுத்தேன். திரும்பவும் அவள். மேற்பார்வையாளர் வந்து என்ன விஷயம் என்றார். வாய் குழற, "என் தம்பியைக் கடலுக்கு அனுப்பிவிட்டேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நல்லது, நிறைய மீன் படட்டும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் நின்ற நிலையில் அழத் தொடங்கினேன். பீட்டர்தான் அவரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு, என்னை வெளியே கூட்டிப் போய் இருத்தினான்.

வாகனத் தரிப்பிடத்தில் ஹை வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காகிதம்கூட அசையவில்லை. அந்த அமைதியில் இருந்து நான் மாறி மாறி இரண்டு கைகளையும் பார்த்தேன். உம்மாவோடு உம்ரா யாத்திரை போனது ஞாபகம் வந்தது. கஃபாவைச் சுற்றி நடக்கும் தவாஃபில் அது எப்போதும் இடக்கைப் பக்கம். உம்மா என் இடது கையைப் பிடித்தபடி உட்பக்கமாக நடந்தா. சூறாவளியை அதோடு ஒப்பிடவில்லை, அஸ்தக்ஃபிருல்லாஹ், திசையைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் காற்றும் அப்படித்தான் சுற்றுகிறது, நடுவை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு. என் காலே ஏழு தரம் நடந்து படித்த திசையை, யாரோ ஒருவனின் மட்டை மூடிக்காக மறந்துபோனேன். எத்தனை தரம் நிஸாருக்கு எடுத்தேன் என்று நினைவில்லை. துஆவில் சொற்கள் ஒழுங்காக வரவில்லை. வாப்பாவைத் தேடிய அந்த நாட்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. இந்த முறை தேட வைத்தவன் நான்.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, தெரியாத ஒரு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. நிஸாரின் குரல்.

"காக்கா, மவுத்தாகாம உசிரோட வந்துட்டம்!"

அவர்கள் எஞ்சினைக் கழட்டித் தள்ளுவண்டியில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவந்து விட்டு, போட்டை இழுக்கக் கீழே திரும்பிப் போனபோது கடல் வீதிவரைக்கும் ஏறியதாம். போட் புரண்டது. அன்வரின் கால் அதன் அடியில் மாட்டிக்கொண்டது. நிஸார் அவனை இழுத்தெடுத்து, தோளில் போட்டு, பள்ளிவாசல் மாடிக்கு ஏறியிருக்கிறான். காற்று பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்து ஓய்ந்ததாம். அன்வருக்குக் கணுக்கால் எலும்பு முறிவு, போட் இல்லை.

"நீங்க சொன்ன நேரத்துல போகப் போய்த்தான் எஞ்சினாவது மிஞ்சிச்சு. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும் காக்கா" என்றான்.

 உம்மாவைக் கவனி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். வெட்கம் கெட்டவன், அந்த நன்றியைக் கிட்டத்தட்ட மூன்று கிழமை வைத்திருந்தேன். அதற்குள் கடற்கரை முழுக்க என் கதை பரவிவிட்டது. வெளிநாட்டில் இருந்துகொண்டே கையை நீட்டி சூறாவளியைப் பார்த்துச் சொன்ன ஆள் என்று. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிஸாருக்கு எடுத்து, பிழையான கையைச் சொன்னேன், என்னால்தான் எல்லாம் என்றேன்.

 "அன்வர்ட்ட ஆர் சொல்ற? நானா, நீங்களா?" என்றான் அவன்.

நான்தான் சொன்னேன். போன் திரையில் அன்வர் கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மெல்லிசாகச் சிரித்தான்.

"எங்களுக்கும் அறிவு வேணும்தானே காக்கா. கடல் கண்ணுக்கு முன்னால கிடக்கு, அதப் பாக்காம உங்களுக்கு போன் எடுத்தம்." கொஞ்ச நேரம் இருமினான். "இனிமே சொல்றதெண்டா, முதல்ல மனசால இஞ்ச வந்து நில்லுங்க. கடலை முதுகுக்குப் பின்னால வெச்சிட்டு, அதுக்குப் பொறகு கையை நீட்டுங்க."

நிஸார் இப்போது வேறொருவரின் போட்டில் போகிறான். புறப்படுமுன் எனக்கு எடுப்பான். ஆனால் காற்றைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. சாப்பிட்டீங்களா, அங்க குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

இன்று அவன் கடலில். இங்கே அழகான ஹை. பின்வளவில் இறங்கி, அதன் நடுவில் நின்றேன். முதுகைக் காட்டுவதற்குக் காற்றே இல்லை. என்றாலும் கண்ணை மூடி, ஊர்க் கடலை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, கிப்லாவைப் பார்த்து, இரண்டு கைகளையும் நீட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கத்தால் மார்கரெட், "சன்ஸ்கிரீம் பூசினாயா?" என்று சத்தம் போட்டுக் கேட்டார். பூசினேன் என்று பொய் சொல்லிவிட்டு வலக்கையை இறக்கினேன். இடக்கையை இறக்க மனம் வரவில்லை.