முதுகை மட்டும் பார்த்த சாட்சி

அண்ணனுக்குப் புருவம் கிடையாது. சூளைக்குள் நெருப்பின் நிறம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகச் சுவரில் ஒரு துளை விட்டிருப்பார்கள். நாள் தவறாமல் அதில் முகத்தைக் கொண்டுபோய் வைத்து வைத்துப் புருவமெல்லாம் கருகிப் போயிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் அவர் சூளை மேஸ்திரி. எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிற பெண்கள் அத்தனை பேருக்கும் அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி.

என் கணவர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். கல்யாணமான புதிதில் பகலெல்லாம் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் இருந்தது. தெருக்குழாயில் பழக்கமான அண்ணிதான், "ஏ புள்ள, எட்டாவது படிச்சிருக்கிற, எதுக்கு வூட்டையே சுத்திக்கிட்டு கெடக்குற, வா" என்று கையைப் பிடித்துக் கம்பெனிக்கு அழைத்துப் போனார். முதல் வாரம் நான் ஒட்டிய கைப்பிடிகளில் பாதி சூளையில் கழன்று விழுந்தன. அண்ணன் அவற்றை ஒரு கூடையில் பொறுக்கி வந்து என் முன்னால் வைத்து, "கைப்பிடி இல்லாத கோப்பையாவது வித்துடலாம். கோப்பை இல்லாத கைப்பிடிய யாரும்மா வாங்குவாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

மதியத்துக்கு அண்ணி ஒரு தூக்குவாளி நிறையக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புவார். அண்ணன் அதை எங்கள் நடுவில் வைத்துவிட்டு, என் டப்பாவிலிருந்து மோர் மிளகாயை மட்டும் எடுத்துக்கொள்வார். தினமும் இரண்டு மிளகாய். அவருக்கென்று வறுப்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஒரு ஐப்பசி மாதம் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அன்று தூறிக்கொண்டிருந்தது. சாயங்காலச் சங்கு ஊதி, எல்லோரும் கேட்டைத் தாண்டிவிட்டோம். அதன் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டது ஞாபகம் வந்து நான் மட்டும் திரும்பினேன். களிமண் கொட்டகைக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு ஆள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ரயில் பாதைப் பக்கமாக ஓடினான். நீலக் கட்டம் போட்ட லுங்கி, தலையில் துண்டு, நனைந்த முதுகு. நான் பார்த்தது அவ்வளவுதான். பின்பக்கம் போய்ப் பார்த்தபோது அண்ணன் விழுந்து கிடந்தார். நெருப்பைக் கிளறுகிற இரும்புக் கம்பி பக்கத்தில் கிடந்தது. அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. வாட்ச்மேன் ஓடி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

யார் செய்திருப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. களிமண் லாரியில் சுமை இறக்குகிற ஒருவன், கருவேப்பிலங்குறிச்சிக்காரன், இரண்டு நாள் முன்னால் குடித்துவிட்டுச் சூளைக்கருகில் வந்து தள்ளாடினான். சாராயக்கடைகள் திறந்த புதிது அது. அண்ணன் அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளி, "நாளையிலருந்து வராத" என்று சொல்லிவிட்டார். "ஒன்ன உடமாட்டேன்யா" என்று அவன் கேட்டில் நின்று கத்தியதைக் கம்பெனியே கேட்டது. மறுநாளே அவனைப் பிடித்துப் போனார்கள்.

விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அண்ணன் உடலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவர் அவர். நான் பார்த்ததைச் சொல்லி முடித்ததும் பேனாவை மூடினார்.

"முதுக மட்டும் பாத்தேன்னா கேசு நிக்காதும்மா. ஓடும்போது ஒரு தரம் திரும்பிப் பாத்தான், மொகம் தெரிஞ்சுதுன்னு சொல்லு. ஒரு வார்த்தைதான். அவன்தான்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூக்கு நிச்சயம்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவரே அப்படி எழுதிக்கொண்டு போய்விட்டார். முகத்தைப் பார்த்த சாட்சி இருக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சானது. யாரிடமும் நான் மறுக்கவில்லை.

அவனைத் தூக்கில் போட வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன். இதை மறைத்து எழுதினால் மற்றது எதையும் எழுதுவதில் அர்த்தமில்லை. அண்ணனின் ரத்தம் காய்ந்த புடவையை என்னால் துவைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. கடைசியில் போலீசே அதை வாங்கிப் போனது. அடுப்படியில் நின்று, "திரும்பிப் பாத்தான்" என்று வாய்க்குள் சொல்லிப் பழகினேன். கண்ணை மூடி, அந்த முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். ஒருநாள் அந்தக் கருவேப்பிலங்குறிச்சிக்காரன் முகமே வந்தது. இன்னொரு நாள் பேக்கிங்கில் இருந்த ஒருவரின் முகம். ஒருமுறை எங்கள் வாட்ச்மேன் முகம் வந்தது. பாவம், கொலை நடந்த அன்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர். அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சம்மன் வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவன்தான்னு நெனைக்கிறியா?" என்றார்.

"ஆமாங்க."

"பாத்தியா?"

"இல்ல."

சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார். "ஜெயில்ல போட்டா, தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சா கதவத் தொறந்து வுட்டுடலாம். உள்ள கெடந்த வருசம் போனதுதான், ஆனா ஆளு இருப்பான். கழுத்துல கயித்த மாட்டுனப்புறம் யாரு போயி என்னத்தத் தொறக்கிறது?"

"அப்ப நான் சொல்லக் கூடாதுங்கறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல. கூண்டுல ஏறப்போறது நீ."

அப்போது அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குப் பதிலாக அவர் முடிவு செய்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார். போகும்போது, "கேசு அன்னிக்கு நான் லீவு போட்டுடறேன், ஒன்னோட வரேன்" என்று மட்டும் சொன்னார்.

இன்று யோசித்தால் ஒன்று தெரிகிறது. சில வருடம் சிறை, அவ்வளவுதான் என்றிருந்தால், நான் அந்தப் பொய்யைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். என்னைத் தடுத்தது நேர்மை இல்லை. கயிறுதான்.

கடலூர் கோர்ட்டுக்கு மூன்று பேர் ரயிலில் போனோம். அண்ணியும் ஒரு சாட்சி. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வழிநெடுக, "ஒன்ன நம்பித்தான் புள்ள இருக்கேன்" என்று என் கையைத் தடவிக்கொண்டே வந்தார். நெய்வேலி தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை. கூண்டில் ஏறிய பிறகு அவருக்குத் தெரிவதைவிட இப்போதே தெரியட்டும் என்று தோன்றியது.

"அண்ணி, நான் மொகத்தப் பாக்கல."

"போலீசுக்காரரு சொன்னாரே."

"அவருதான் சொன்னாரு. நான் சொல்லல."

என் கையை விட்டுவிட்டார். "இப்ப என்னா சொல்லப் போற?"

"முதுகுதான் பாத்தேன்னு."

"ஒம் மடியிலதான அவரு உசுரு போச்சு."

"ஆமாம் அண்ணி."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வடலூரில் வண்டி நின்றபோது பையைத் திறந்தார். விடிவதற்கு முன்பே எழுந்து எங்கள் மூவருக்கும் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பொட்டலத்தை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டுத் தன்னுடையதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றேன்.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் மடியில் துணி மூட்டையோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அண்ணி என்னோடு இருக்கப் பிடிக்காமல் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெற்றிலை கைமாறியது. இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"எந்தூருங்கம்மா?" என்று அண்ணி கேட்டது என் காதில் விழுந்தது.

"கருவேப்பிலங்குறிச்சி. எம் புள்ளையப் பாக்கலாம்னு வந்தேன் தாயி. மாத்துத் துணி கொண்டாந்திருக்கேன். குடுக்க வுடுவாங்களான்னு தெரியல."

அண்ணி எழுந்துவிட்டார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்புவார் என்று நினைத்தேன். துப்பவில்லை. தாழ்வாரத்தின் அடுத்த கோடிக்குப் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அன்று முழுக்க அவரிடம் வந்து பேச ஒரு ஆள்கூட இல்லை. அவர் மகனுக்கு வக்கீல் வைக்க வழி இல்லை. கோர்ட்டு கொடுத்த இளம் வக்கீல் ஒருவர், அன்று காலையில்தான் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

கூண்டில் ஏறியதும் அரசாங்க வக்கீல் கேட்டார், "ஓடின ஆளோட முகத்தைப் பாத்தீங்க இல்லையா?"

"இல்லைங்க. முதுகுதான் பாத்தேன்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொன்னதை மாற்றிச் சொல்கிற பிறழ் சாட்சி என்று என்னை அறிவிக்கச் சொல்லி ஜட்ஜிடம் கேட்டார். அதன் பிறகு அவர் குரலே மாறிவிட்டது. எதிரி தரப்பில் யார் வந்து பார்த்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று அடுக்கினார். முதுகைப் பார்த்தே அவன்தான் என்று சொல்ல முடியாதா என்று கேட்டார். "அந்த மாதிரி லுங்கி எங்க கம்பெனியில பத்து பேரு கட்டுவாங்கங்க" என்றேன். ஜட்ஜ் தலை நிமிர்ந்து, தமிழிலேயே கேட்டார்.

"இறந்து போனவர் உங்களுக்கு வேண்டியவர்தானே?"

"எங்க அண்ணன் மாதிரிங்க."

"இந்த ஆள் செஞ்சிருப்பார்னு நினைக்கிறீங்களா?"

"நெனைக்கிறேங்க. ஆனா பாக்கலைங்க."

ஜட்ஜ் குனிந்து எழுதிக்கொண்டார். எதிரி தரப்பு வக்கீல் எழுந்து, "கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ஒருமுறைகூட நிமிரவில்லை. அவ்வளவு ஒல்லியாக அவனை நான் பார்த்ததே இல்லை.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகான ஒரு வருடம் கஷ்டமானது. மதியச் சாப்பாட்டில் என் டப்பாவில் கை வைக்க ஆள் இல்லை. எவ்வளவு வாங்கினாள் என்று என் காதுபடவே பேசினார்கள். முதலாளி அண்ணிக்குப் பேக்கிங்கில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார். கோப்பைகளைப் பேப்பரில் சுற்றி வைக்கோலில் அடுக்கிக்கொண்டிருப்பார். நான் கடந்து போனால் வைக்கோலைத்தான் பார்ப்பார். தெருக்குழாய்க்கு நான் வருகிற நேரத்தில் அவர் வருவதில்லை.

ஒருநாள் வேலை விட்டு வரும்போது கேட்டருகில் அந்த ஆள் நின்றிருந்தான். சட்டை புதிது. கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, நீங்க இல்லன்னா..."

"ஒனக்காகச் சொல்லல. என்னைக் கும்பிடாத" என்றேன்.

"நான் செய்யலக்கா."

"எனக்குத் தெரியாது."

அவன் போய்விட்டான். அதன்பின் பஸ் ஸ்டாண்டில் இரண்டொரு முறை தூரத்தில் பார்த்திருக்கிறேன். அம்மாவோடு இருந்தான். செய்தவன் அவன்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேறு யாரையும் போலீஸ் பிடிக்கவும் இல்லை.

மறு தையில் எனக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கதவைத் தட்டாமல் அண்ணி உள்ளே வந்தார். கையில் மூடிபோட்ட கிண்ணம். பத்தியக் குழம்பு. குழந்தையைத் தூக்கிக் குளிப்பாட்டத் தயாராகப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தார். வெந்நீரைக் கொண்டுவரச் சொல்லி என் கணவரை விரட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவாத, பால் கெட்டுப் போவும்" என்றார். குழந்தையின் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினார். "ரயில்ல நீ சொன்னப்ப ஒன்ன புடிச்சு வெளிய தள்ளிடலாமான்னு இருந்துச்சு. இன்னிக்கும் அவன்தான் செஞ்சான்னுதான் நான் சொல்லுவேன்."

"சொல்லுங்க அண்ணி."

"ஆனா நீ என்கிட்ட முன்னாடியே சொல்லிட்ட. அத நெனச்சு நெனச்சுப் பாத்தேன். எங்கிட்டயே பொய் சொல்லாதவ, அங்க போயி எனக்காகச் சொல்லியிருந்தா, அப்புறம் நீ எப்படி இருந்திருப்ப?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "துண்டக் குடு, புள்ளைக்குக் குளுருது."

அதற்குப் பிறகு அவர் பேக்கிங்கிலிருந்து மதியத்துக்கு என் பக்கத்தில் வந்து உட்காருவார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தக் கம்பெனியில் இன்னும் ஆறு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அந்த வழக்கைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. எங்கள் பெண் இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள். அண்ணி ஊட்டினால்தான் சாப்பிடுவாள்.

ஒரே ஒருமுறை, ஏதோ ஒரு ஊர்ச் சிறையில் யாரையோ தூக்கில் போட்ட செய்தி பேப்பரில் வந்திருந்தது. கோப்பை சுற்ற வாங்கிய பழைய பேப்பர். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். முழுவதும் படித்துச் சொன்னேன்.

"கொலையப் பாத்தவங்க யாருன்னு போட்டிருக்கா?"

"இல்ல அண்ணி."

"அதப் போடணும்ல" என்றார். பேப்பரை என் கையிலிருந்து வாங்கி ஒரு ஓரமாக மடித்து வைத்துவிட்டு, வேறொரு தாளை எடுத்துக் கோப்பையைச் சுற்றத் தொடங்கினார்.