அக்கா பதறாமல் இருந்த நாட்கள்

அக்காவின் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில் அவருடன் வேலை செய்த பெண்களுக்கும் தம்பியின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் பெரியவர்கள். நல்லதோடு நடந்ததையும் எழுதுகிறேன்.

அக்கா பிரம்மதேசம் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மரக்காணத்தில் கட்டிக்கொடுத்தோம். மாமா உப்பளத்தில் மேஸ்திரி. மகள் செல்விக்குப் பத்து வயதானபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி மோதி மாமா இறந்தார். அக்கா அழுது முடித்த கையோடு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.

விபத்துக்குக் கிடைத்த நஷ்டஈட்டை என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அக்கா யார் பேச்சையும் எடுத்துக்கொள்ளவில்லை. செல்வியின் படிப்புக்கும் வீட்டுச் செலவுக்கும் வேண்டியதைப் போஸ்ட் ஆபீசில் போட்டார். மீதியில், புதுச்சேரியில் இருந்த ஒரு ஷேர் ஆபீஸ் மூலம் ஒரு சோப்பு கம்பெனி உட்பட மூன்று கம்பெனிகளின் பங்குகளை வாங்கினார். ஷெட் ஆபீசுக்கு வரும் பேப்பரில் வியாபாரப் பக்கத்தை மத்தியானச் சோற்றோடு படிப்பார். அவரைப் பார்த்து நானும் என் சைக்கிள் கடை வருமானத்தில் கொஞ்சம் வாங்கினேன்.

இரண்டாயிரத்து நான்கு மே மாதம் தேர்தல் முடிவு வந்து மத்தியில் ஆட்சி மாறியது. யார் பிரதமர், எந்தக் கட்சி எதைக் கேட்கும் என்று தெரியாத அந்த நாட்களில் பங்கு விலைகள் மளமளவென்று சரிந்தன. ஒருநாள் வியாபாரத்தையே நடுவில் நிறுத்தி வைத்தார்கள். டிவியில் பார்த்ததும் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினேன். பூத்திலிருந்து போன் செய்து என்னுடையதை எல்லாம் விற்கச் சொல்லிவிட்டு, ஷெட்டுக்குப் போனேன்.

"அக்கா, எல்லாம் போச்சு. நான் வித்துடச் சொல்லிட்டேன். நீயும் வித்துடு."

அக்கா முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கினார். "எவன் வந்தா என்னாடா? அந்த சோப்பு கம்பெனிக்காரன் சோப்பு செய்யறத நிறுத்திட்டானா? செல்வி படிப்புக்கு வேண்டியது போஸ்ட் ஆபீஸ்ல இருக்குது. இது இப்ப தேவப்படாத காசு. கெடக்கட்டும்."

"மாமா உயிரு போயி வந்த காசுக்கா அது. அத வச்சி சூதாடுறியா?"

சொல்லியிருக்கக் கூடாது. சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா துணியை மறுபடி கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஐந்து மாதம் நான் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

தீபாவளிக்குள் விலைகள் மேலேறிவிட்டன. நான் பாதி விலைக்கு விற்றது விற்றதுதான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போன என்னிடம் அக்கா ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்டார். அந்த டிசம்பரில் கடல் ஏறி வந்து உப்பளங்களில் சேறு நிறைந்து, ஷெட் மூன்று மாதம் மூடிக் கிடந்தது. அப்போதும் போஸ்ட் ஆபீஸ் பணத்தில்தான் வீடு நடந்தது, பங்குகளைத் தொடவில்லை. இனி அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வருடம், அக்கா இடது கையைத் தூக்காமல் வேலை செய்வதைப் பார்த்தேன். "என்னாக்கா கையில?"

"சுளுக்கு. தானா போயிடும். நீ ஒன்னுத்துக்கும் அவசரப்படாத."

எனக்கு மே மாதம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான்.

நர்சிங் படிக்கும் செல்வி, எட்டு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோதுதான் இடது மார்பில் இருந்த கட்டியைக் கண்டுபிடித்தாள். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர். அன்றே அக்கா தானே ஷேர் ஆபீசுக்குப் போன் செய்தார். "வித்துடுங்க. இப்பதான் தேவப்படுது." நல்ல விலைதான் கிடைத்தது. வைத்தியத்துக்குப் பணம் ஒரு குறையாக இல்லை. நாள்தான் இல்லை.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் சொன்னேன். "அன்னைக்கு ஷெட்ல கத்துன மாதிரி, உன் கைய பாத்தப்பவும் நான் கத்தியிருக்கணும்க்கா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்கல்லாம் என்னை தைரியசாலின்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. விலை எறங்குன அந்த பத்து நாளும் நான் பேப்பரையே பாக்கலடா. பாத்தா நானும் வித்துடுவனோன்னு பயம். இதையும் அப்படியே பாக்காம இருந்துட்டேன்."

அதிலிருந்து நான்காம் நாள் விடியற்காலை அக்கா இறந்தார். வயது நாற்பத்தொன்று.

முறை வைத்து ஆஸ்பத்திரியில் உடன் தங்கிய ஷெட் பெண்களை எங்கள் குடும்பம் மறக்காது. ஒவ்வொரு முறையும் புதுச்சேரி வரை, வேகத்தடைகளில் அக்காவுக்கு வலிக்காதபடி ஆட்டோவை ஊர்ந்து ஓட்டிய கூனிமேட்டு பாய்க்கும், முகம் சுளிக்காமல் புண்ணைத் துடைத்த நர்சுகளுக்கும் நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

காரியத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் வேன் நிற்கும். புதுச்சேரியில் ஒரு பெண் டாக்டரிடம் பேசியிருக்கிறோம். செல்வி கூட வருவாள். சுளுக்கு என்றும் சூட்டுக் கட்டி என்றும் சொல்லிக்கொண்டு இருப்பவர்கள் வெட்கப்படாமல் ஏறிக்கொள்ளுங்கள். ஏறாதவர்கள் வீட்டுக்கு நானே வருவேன். வாசலில் நின்று கத்துவேன்.