பொழிச்சலூரில் இருந்த கென்யா

கென்யாவில் ஒரு கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டும், முடிந்ததும் மலையேற்றம். அதற்குத் தன்னார்வலராக நான் தேர்வானதும், பம்மலில் எங்கள் தெருமுனையில் அப்பா ஃப்ளெக்ஸ் பேனரே வைத்துவிட்டார். மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள்.

விமான நிலைய வாசலில் செய்தி வந்தது: பயணம் ரத்து. அந்த பேனரைத் தாண்டி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? பக்கத்துப் பொழிச்சலூரில் நண்பனின் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

அம்மா தினமும் வாட்ஸ்அப்பில் அழைத்துக் கேட்பார். "அந்த ஊரு ஜனங்களுக்குத் தண்ணி வந்துச்சாடா?"

"பைப் போட்டுகினு இருக்கோம்மா."

ஒருநாள் அப்படிச் சொல்லும்போது என் தலைக்கு மேல் விமானம் இரைந்தது. பொழிச்சலூரைத் தாண்டினால் பம்மல். என் பக்கம் ஓய்ந்த அதே இரைச்சல், அடுத்த நொடி அம்மாவின் ஃபோனிலிருந்து கேட்டது.

"அப்பாவ பேனரைக் கழட்டச் சொல்றேன்," என்றார் அம்மா. "இருட்டினதும் வூட்டுக்கு வந்துடு."

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்கவே இல்லை. இன்றும் வீட்டுக்கு மேல் விமானம் போனால், அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஏதாவது வேலையில் இறங்கிவிடுவார்.