ஆமைக்குக் கும்பிடு, ஆந்தைக்குக் கத்தி

என் அண்ணன் உடும்பைக் கொன்றதையும் பார்த்தேன், ஆந்தையைக் கொன்றதையும் பார்த்தேன். இரண்டும் பிள்ளைக்காகத்தானாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அண்ணிக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இப்போது ஏழாம் மாதம். எங்கள் ஊரான மெர்லிமாவ் வட்டாரத்தில் அண்ணன் நேர்ந்துகொள்ளாத கோயில் பாக்கியில்லை.

ஒரு ஞாயிறு காலை அண்ணன், அண்ணி, நான் மூவரும் கடற்கரைக்குப் போயிருந்தோம். மணலில் ஆமை ஏறி இறங்கிய தடம் கிடந்தது. அங்கே ஓர் உடும்பு குழியைத் தோண்டி முட்டைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. தாடையெல்லாம் மஞ்சள் கரு. தாயைக் காணோம். கடலாமை அப்படித்தான். குவியலாக முட்டையிடும், மணலைத் தள்ளி மூடும், கடலுக்குப் போய்விடும். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளக்கூட அதற்கு வராது. அண்ணன் ஒரு கட்டையை எடுத்து உடும்பின் மண்டை நசுங்கும்வரை அடித்தார். பிறகு மிச்ச முட்டைகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பெருமாள் எடுத்த அவதாரம் லா இது. நம்ம புள்ளைக்குப் புண்ணியம்."

எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். எலி பழத்தைத் தின்கிறது என்று நிர்வாகம் கம்பத்தில் பெட்டி வைத்து ஆந்தைகளைக் குடியேற்றியிருக்கிறது. ஆந்தை வேறு ஜாதி. கொஞ்சம்தான் முட்டையிடும், ஆனால் விட்டு நகராது. ஆண் எலியைக் கொண்டுவந்து போடும், பெண் அதைப் பிய்த்துப் பிய்த்துக் குஞ்சுக்கு ஊட்டும். கத்தினால் துணி கிழிகிற சத்தம். ஓர் இரவு அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணன் ஜன்னலைச் சாத்தினார்.

"சாக்குருவி கத்துது. இந்தப் புள்ளையையும் கொண்டுபோயிடும்."

"அது பசிக்குக் கத்துது அண்ணே. பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றேன்.

"நீ வாய மூடு."

மறுநாள் காலை பாராங் கத்தியோடு ஏணியில் ஏறினார். பெட்டியைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டினார், மடையர்! தாய் பறந்து தப்பியிருக்கலாம். தப்பவில்லை. முகத்திலேயே பாய்ந்தது. நகம் புருவத்திலிருந்து இமைவரை கிழித்தது. அண்ணன் அலறிக்கொண்டே கண்டபடி வெட்டினார். பறவை என் காலடியில் வந்து விழுந்தது. ஒரு சிறகு தனியாக விழுந்தது.

"பாவி!" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, ஆந்தையை மடியில் எடுத்து இறகை ஒதுக்கினார். அடிவயிற்றில் ஓரிடத்தில் இறகே இல்லை, வெறும் தோல். முட்டைக்கும் குஞ்சுக்கும் உடம்புச் சூடு நேராகப் படுவதற்காகத் தாய்க்கு அங்கே இறகு உதிர்ந்துவிடும். மேலே பெட்டிக்குள் குஞ்சுகள் சீறிக்கொண்டிருந்தன.

அண்ணன் ரத்தம் வழிய இறங்கி வந்தார். "தொலைஞ்சது பீடை. இனி பயமில்ல" என்று அண்ணியின் வயிற்றைத் தொடக் கையை நீட்டினார்.

அண்ணி அந்தக் கையைப் பிடித்து, செத்த பறவையின் வெறும் வயிற்றில் வைத்து அழுத்தினார்.

"இன்னும் சூடாத்தான் இருக்கு, தொட்டுப் பாருங்க. இந்தக் கையால என் வயித்தத் தொட்றாதீங்க."