விருதுக்கு ஒரு வேப்பங்கன்று

நல்லாசிரியர் விருதுக்கு நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும். நாம் நல்லவர் என்பதற்கு நாமே ஆதாரமும் தர வேண்டும். இருபத்தாறு வருடம் கணக்கு நடத்திய திமிரில் நானும் இன்று ஃபைலோடு கிளம்பினேன்.

ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஃபைலைக் கையில் வைத்து எடை பார்த்தார்.

"என்ன சார், இவ்வளவு மெலிசா இருக்கு? மரம் நடுற போட்டோ எங்க?"

"நட்டதில்லைங்க."

"அதனால என்ன, வாங்க."

கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். தொட்டியில் ஒரு வேப்பங்கன்று, பக்கத்தில் மண்வெட்டி, பூவாளி.

"போன வருஷம் விருது வாங்கின மூணு பேரும் இதைத்தான் நட்டாங்க சார்."

சபலம் தட்டியதை மறைக்க மாட்டேன். மண்வெட்டியை வாங்கி, தொப்பையைக்கூட உள்ளே இழுத்துவிட்டேன். அப்போதுதான் கன்றைச் சரியாகப் பார்த்தேன். அத்தனை ஆசிரியர்கள் நட்டும், பாவம், அது இன்னும் தரையைப் பார்க்கவில்லை.

மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"போட்டோ இல்லாம ஃபைல் நிக்காது சார்."

"விழட்டும் விடுங்க."

'சமூகப் பணி' என்ற பக்கத்தில், "அந்த நேரத்தில் வகுப்பில் இருந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ் பிடித்துப் போய்த் திருச்சி கல்வி ஆபீசில் அப்படியே நீட்டினேன்.

கிளார்க் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வகுப்புல இருந்ததுக்கு ஆதாரம் இருக்குங்களா?"

ஆகவே, என்னிடம் படித்தவர்கள் இந்தப் பதிவின் கீழே கமென்ட்டில் 'உள்ளேன் ஐயா' சொல்லவும். பிரின்ட் எடுத்து நாளைக்கே இணைக்கிறேன். கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் சொல்லலாம். நான் இருந்ததால்தானே தூக்கம் வந்தது.