மூன்று பாடத்திட்டங்களும் என் அம்மாவும்

என் அம்மா சாமுண்டீஸ்வரி ஒரு தும்மல் போட்டால் உலகத்துப் பாடத்திட்டங்கள் அத்தனையும் பக்கம் மாறிவிடும். கணக்கைக் கண்டுபிடித்தவர்களே சந்தேகம் வந்தால் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே வரிசையில் நிற்பார்கள். லிஃப்ட் பழுதென்றால் படியேறியும் வருவார்கள்.

அம்மா திருச்சியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் கணக்கு ஆசிரியராகத் தொடங்கியவர். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிங்கப்பூர் வந்து, இங்குள்ள இந்தியப் பள்ளியிலும் அதையே நடத்தினார். பிறகு கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் உள்ள பள்ளி. இப்போது ஐ.பி. என்கிற அனைத்துலகப் பாடத்திட்டம். சனிக்கிழமை காலையில் மூன்று வகைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வீட்டிலிருந்தே இணைய வகுப்பு.

மூன்றையும் ஒப்பிடச் சொன்னால் போதும், சோறு ஆறுவதுகூட அவருக்குத் தெரியாது.

"சி.பி.எஸ்.இ. பிள்ளை ஒரு ஸ்டெப்பை விடாது. ஏன் செஞ்சேன்னு கேட்டா மட்டும் முழிக்கும். கேம்பிரிட்ஜ் பிள்ளை எத்தனை மார்க்குன்னு பார்க்கும், அத்தனை வரிதான் எழுதும். ஐ.பி. பிள்ளை ஏன்னு ஒரு பக்கம் எழுதும், விடையை மறந்துடும்."

"அப்ப நான்?"

"நீ தட்டைக் கழுவு."

நான் எந்த வகையிலும் சேராதவன். இந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பேட்டைப் பள்ளியில் பாதியில் நின்றுவிட்டு, தேக்கா கடைத்தெருவில் அஸ்மத் அண்ணன் கடையில் கைப்பேசி பழுது பார்க்கிறேன்.

சனிக்கிழமைகளில் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும். "நிதீஷ் கண்ணா, சூப்பர்!" "ஷபானா கண்ணா, சத்தமா சொல்லு." எனக்கு எப்போதும் "டேய்"தான். நிதீஷ் தேன்கூட்டின் கோணங்களைப் பற்றி ஏதோ ஆராய்ந்து எழுதினான் என்று ஒரு வாரம் எங்கள் வீட்டில் ரசத்தோடு தேன்கூடும் பரிமாறப்பட்டது. அதே வாரம் கடலில் விழுந்த கைப்பேசி ஒன்றுக்கு நான் உயிர் கொடுத்தேன். "ம்" என்றார் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது. நிதீஷ் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் ஆடு கத்தும்படி அம்மாவின் கணினியில் ஒரு வேலை செய்து வைத்தேன். அம்மா அதையும், "கண்ணா, உங்க வீட்ல ஆடு இருக்கா?" என்று அவனிடம்தான் கொஞ்சலாகக் கேட்டார்.

போன சனிக்கிழமை இலவச மாதிரி வகுப்பு. யார் வேண்டுமானாலும் சேரலாம். கடையில் இருந்தபடி, அங்கிருந்த பழைய கைப்பேசி ஒன்றில், கேமராவை மூடி, 'இம்ரான், ஜகார்த்தா, ஐ.பி.' என்று நுழைந்தேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு கண்ணா. அதற்காக நாட்டையே மாற்றிக்கொண்டேன்.

அம்மா ஒரு கணக்குக் கொடுத்தார். அண்ணன், தம்பி இருவரின் கோலிக்குண்டுகள் ஐந்துக்கு மூன்று. அண்ணனிடம் பதினாறு அதிகம். மொத்தம் எத்தனை?

நிதீஷ் "எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தான். ஷபானா இதற்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். இன்னொருத்தி விகிதம் என்றால் என்ன என்று சிந்திக்கத் தொடங்கிவிட்டாள்.

எக்ஸ் எனக்குக் கடைசிவரை ஒத்துவரவே இல்லை. அஸ்மத் அண்ணனின் பில் புத்தகத்துக்குப் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக ஐந்து, அதற்குக் கீழே மூன்று வரைந்தேன். அவர்கள் முடிப்பதற்குள் அரட்டைப் பெட்டியில் தட்டினேன்: 'ரெண்டு யூனிட் பதினாறு. ஒரு யூனிட் எட்டு. எட்டு யூனிட் அறுபத்து நாலு.'

அம்மா அதை வாய்விட்டுப் படித்தார்.

"இம்ரான், எந்த ஸ்கூல்?"

'ஐ.பி. ஸ்கூல், மேடம்.'

"கட்டம் போட்டுத்தானே கண்டுபிடிச்ச?"

'ஆமா, மேடம்.'

"ஐ.பி.ல யாரும் இப்படிப் போட மாட்டாங்க. சி.பி.எஸ்.இ.லயும் கேம்பிரிட்ஜ்லயும் போட மாட்டாங்க. கட்டம் போட்டு யூனிட் யூனிட்டா எண்றது இந்த ஊர் பிரைமரி ஸ்கூல் பிள்ளைங்க. எனக்கே முன்னாடி தெரியாது. எக்ஸ் வேணாம்னு எங்க வீட்ல ஒருத்தன் அழுதான், அவனுக்காக ராவெல்லாம் உக்காந்து கத்துக்கிட்டேன்."

வெளியேறுகிற பொத்தானைத் தேடினேன்.

"விடை கரெக்டு, இம்ரான் கண்ணா. ஜகார்த்தாலேர்ந்து வர்றப்ப அப்படியே தேக்கா மார்க்கெட்ல கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடு லா."