ஜுரம் இல்லை என்று சொன்ன நாள்

நான் துணை விமானி. ராயபுரம் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். கொரோனா காலத்தில் நிறுவனம் எங்கள் சம்பளத்தைக் குறைத்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை, விமானங்களே பறக்கவில்லையே. பிறகு இருக்கைகள் நிரம்பி வழிந்தன, டிக்கெட் விலையும் ஏறியது. எங்கள் சம்பளம் மட்டும் அப்படியே நின்றது. கேட்டால், "நிலைமை சரியாகட்டும்" என்பார்கள்.

வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் வேலையே போய்விடும். அதனால் எல்லோரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுப்பதாக முடிவாயிற்று. நானும் தகவல் அனுப்பிவிட்டுப் படுத்திருந்தேன். மதியத்துக்குள் நிர்வாகம் வீடு வீடாக டாக்டர்களை அனுப்பியது.

எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது. பெரிய சாலையில் நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கு இடையே நடந்து வந்த டாக்டர், சட்டை வியர்வையில் நனைந்து வாசலில் நின்றார். அம்மா முந்திக்கொண்டாள்.

"ராத்திரிலேர்ந்து ஜொரம் சார். பொண்ணு ஒண்ணுமே துன்னல. கஞ்சி வச்சிகினு கீறேன்."

அடுப்பில் வறுபட்டுக்கொண்டிருந்தது வஞ்சிரம். அந்த வாசனை அவருக்கும் எட்டியிருக்கும். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவர், குரலைத் தணித்து, "ஜுரம்னே எழுதிடட்டுமாம்மா? எனக்கும் பொண்ணு இருக்கு" என்றார்.

நல்ல மனிதர். ஆனால் அந்த இரக்கத்தை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. நியாயமாகக் கேட்டதை நோயென்று ஏன் மறைக்க வேண்டும்?

"வேணாம் சார். ஜுரம் இல்ல. குறைச்ச சம்பளத்தைத் திருப்பித் தர்ற வரைக்கும் பறக்க மாட்டேன்னு எழுதுங்க. மத்தவங்களுக்காக நான் பேசல. இது எனக்காக."

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னாடி பேஜாரு பண்றே! அவுரே எய்தறேன்றாரு..."

டாக்டர் நான் சொன்னபடியே எழுதினார். சில நாட்களில் வேலை போயிற்று. "உன்னால எங்க மேலயும் சந்தேகம்" என்று நண்பர்கள் சிலர் கோபித்தார்கள். ஒரு கேப்டன் மட்டும் போனில், "நாங்க எல்லாருமே அதைத்தான் சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து, பிடித்த சம்பளத்தில் பெரும்பகுதியை நிறுவனம் வேலையில் இருந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. செய்தியைத் திருவொற்றியூர் பஸ்ஸில் போகும்போது போனில் படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அழுதுகொண்டே போனேன்.

இப்போது சரக்கு விமானம் ஓட்டுகிறேன். பழைய வேலை என்னாச்சு என்று யாராவது கேட்டால், நான் வாய் திறக்குமுன் அம்மா சொல்லிவிடுகிறாள்: "சம்பளம் கேட்டா. தூக்கிட்டானுங்கோ."